ராமானுஜனுக்கு வேலை கிடைத்த கதை

உங்கள் வீட்டில் யாராவது வேலை தேடுகிறார்களா? கணிதமேதை ராமானுஜனும் தேடியவர்தான். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவர், 1910இல் தன் கணக்கு நோட்டுகளுடன் திருக்கோவிலூரில் துணை கலெக்டர் ராமசாமி ஐயரைப் பார்த்து குமாஸ்தா வேலை கேட்டார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு ஐயர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். அந்தத் தொடர்பு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை சென்றது. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய்.

மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். வேலை, சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதது எல்லாவற்றையும் சில வரிகளில் மறைக்காமல் சொல்லி, தேற்றங்களை இணைத்தார். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

வேலை தேடுபவரா நீங்கள்? சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். வேலையில் இருப்பவரா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகத் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.