பைக்கைப் பிரிச்சுப் போட்ட ஹோட்டல் சர்வர்... ஜி.டி.நாயுடு ஆன கதை! கியர்பாக்ஸ் பேரிங் மாத்துறவங்க ஏன் தெரிஞ்சுக்கணும்?

அரியலூர் மாவட்டம் திருமழபாடி பக்கம் போனா, சிமென்ட் லாரி, கரும்பு டிராக்டர்னு ரோடு எப்பவும் பிஸிதான். இந்த வண்டிகளில் ஏதாவது ஒன்றின் கியர்பாக்ஸில் 'ங்ங்...' என்று ஒரு முனகல் சத்தம் வந்தால், மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது பேரிங்கைத்தான். பிரிச்சுப் பார்த்து, ஏன் தேஞ்சதுன்னு கண்டுபிடிச்சு, திரும்பப் பூட்டுற அந்த வேலையில் இருந்தே ஒரு வாழ்க்கையை உருவாக்கியவர் ஜி.டி.நாயுடு. யார் இவர்?

ஒரு பைக் மாற்றிய வாழ்க்கை

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு ஒட்டவே இல்லை. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதே மாதிரி வண்டி வேணும்னு முடிவு பண்ணி, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து வண்டியை வாங்கியவர், முதலில் ஊர் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பேரிங் தேய்ந்தால் என்ன ஆகும்?

கியர்பாக்ஸில் சுற்றும் ஷாஃப்ட்டைத் தாங்குவது பேரிங். உள்ளே இருக்கும் குண்டுகளோ உருளைகளோ தேய்ந்தால் ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும். பற்கள் சரியாகப் பொருந்தாது. சத்தம் வரும், கியர் நழுவும். கவனிக்காமல் ஓட்டினால் சின்னச் செலவில் முடிய வேண்டியது, கியர் செட்டையே மாற்றும் செலவாகிவிடும்.

நாயுடு பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் இது இன்னும் சிக்கல். சிங்க்ரோமெஷ் கியர் காடிலாக் காரில் வந்ததே 1928-ல்தான். அதுவரை டிரைவர் கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகம் பார்த்துத்தான் கியர் மாற்றணும். தப்பினால் பல்லோடு பல் மோதும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை:

* ஆயிலை வடிக்கும்போது இரும்புத் தூள் இருக்கிறதா எனப் பாருங்கள்.
* பழைய பேரிங்கை புல்லர் வைத்துக் கழற்றணும்.
* புதுசை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்கணும். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால் குண்டு வழியாக அடி இறங்கி, புது பேரிங்கே கெடும்.
* பிரிச்சது பிரிச்சாச்சு, ஆயில் சீலையும் சேர்த்து மாத்திடுங்க.
* முக்கியமா, ஏன் தேஞ்சதுன்னு தெரியாம பூட்டாதீங்க. ஆயில் குறைவா, தண்ணீர் புகுந்ததா, ஓவர்லோடா? காரணம் அப்படியே இருந்தால் புது பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

பஸ்ஸோடு நிற்கவில்லை

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே எலெக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், வாக்குப்பதிவு இயந்திரம்னு பட்டியல் நீளும். 1952-ல் 2 பேர் போகும் பெட்ரோல் காரை ரூ.2,000 விலைக்குத் திட்டமிட்டார். ஆனால் தயாரிக்க அரசு அனுமதி கிடைக்கவில்லை.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். தொழில் கற்க 4 ஆண்டு ரொம்ப அதிகம் என்பது அவர் வாதம். அதை அரசு ஏற்காததால் விலகினார்.

1974 ஜனவரி 4-ல் மறைந்தார். இன்று கோவை அவிநாசி சாலையின் 10.1 கி.மீ. மேம்பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சர்டிஃபிகேட் இல்லாமல், கிரீஸ் கையோடு ஊர் ஊருக்கு வண்டிகளை ஓட வைக்கும் மெக்கானிக்குகள் நம்மைச் சுற்றி நிறைய பேர். நாயுடுவும் தொடங்கியது அங்கிருந்துதான். அடுத்த முறை உங்க வண்டியில் பேரிங் மாத்தும்போது, பழசைக் கையில் வாங்கிப் பார்த்து, ஏன் தேஞ்சதுன்னு ஒரு கேள்வி கேளுங்க.