ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட அளவுகோல். ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் பதம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், நாடு அத்தகைய பானையன்று. ஊருக்கு ஊர் மண் வேறு. வயலுக்கு வயல் பயிர் வேறு. அங்கே எந்தப் பருக்கையைத் தொட்டுப் பதம் பார்ப்பது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். தாயகம் திரும்பும் வேளையில் ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகள் கிடைத்தன. கப்பலிலேயே அவற்றைப் படித்தவரின் மனம் புதிய துறையில் பதிந்தது. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் வங்காள உழவரின் பணப்பயிர் சணல். சணல் பயிரான நிலத்தின் அளவைத் தவறாகக் கணித்தால் சந்தை தடுமாறும். உழவர் வாழ்வும் தடுமாறும். வயல்தோறும் சென்று எண்ணுவதற்கோ பெரும்பொருளும் பேராள்படையும் வேண்டும். எனவே, 1937இல் மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைச் சிறு அளவில் தொடங்கினார்.

நானூறு சம அளவு வயல்களைத் தேர்ந்து பார்க்கையில் எண்பதில் சணல் இருப்பதாகக் கொள்வோம். மாதிரியின் விகிதம் 20 விழுக்காடு. முழு நிலப்பரப்பின் விகிதமும் அதுவே என்று அறுதியிட இயலாது. ஏறத்தாழ 16 முதல் 24 விழுக்காட்டுக்குள் அமையும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூறலாம். இவ்விடைவெளியைப் பாதியாக்க விரும்பினால் வயல்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும்.

இக்கணக்கு பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. வயல்களைக் களப்பணியாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தலாகாது. சாலையோர வயல்களை மட்டும் பார்த்தால், எத்தனை ஆயிரம் பார்த்தாலும் உள்ளூர் நிலவரம் தெரியாது. ஆகவே, அளக்கும் இடங்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தார் மகலனோபிஸ். தனித்தனி மாதிரிகளை வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிட்டு, மனிதப் பிழையையும் கண்டறிந்தார்.

சிறு பகுதியைப் பார்த்து முழுமையைச் சொல்வதா என்று ஐயுற்றோர் பலர். ஆயினும், முழுக் கணக்கெடுப்பின் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கிலேயே நம்பத்தக்க முடிவைப் பெறலாம் என்பதை அவரது பணி மெய்ப்பித்தது. எல்லா வயல்களையும் எண்ண முனையும்போது, போதிய பயிற்சியற்ற பெருங்கூட்டத்தின் பிழைகளும் பெருகுகின்றன என்பதை உலகம் உணர்ந்தது.

1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் உருப்பெற்றது. விடுதலை பெற்ற நாட்டின் குடிமக்கள் எதை உண்கின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர் என்பதை அரசு அறிய அது வழிவகுத்தது. 1972 ஜூன் 28 அன்று அவர் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 29, இன்று தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. எண்ணப்படாத கோடிக்கணக்கானோரின் நிலையையும், முறையாகத் தேர்ந்த சிலர்வழி நேர்மையாக அறியலாம் என்பதே அவர் விட்டுச் சென்ற செல்வம்.