கெயின்ஸ் பிரபு

பொருளாதார சாஸ்திரத்தில் பெருங் கீர்த்தி பெற்ற ஜான் மேனார்டு கெயின்ஸ் 1883-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். அந்நகரின் கிங்ஸ் கலாசாலையில் பயின்று, 1906 முதல் 1908 வரை லண்டனில் இந்தியா மந்திரி காரியாலயத்தில் உத்தியோகம் வகித்தார். 1913-ல் இந்திய நாணயத்தைப் பற்றி ஒரு நூலும் இயற்றினார்.

1919-ல் பாரிஸில் கூடிய சமாதான மகாநாட்டிற்குப் பிரிட்டிஷ் பொக்கிஷ இலாகாவின் பிரதிநிதியாகச் சென்றார். தோல்வியுற்ற ஜெர்மனியிடம் கோரப்பட்ட நஷ்டஈடு அந்நாட்டின் சக்திக்கு மிஞ்சியதெனக் கண்டு, ஜூன் மாதத்தில் பதவியைத் துறந்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்ட நூலில், 200 கோடி பவுனே தகுந்த தொகையெனக் கணக்கிட்டுக் காட்டினார். 1921-ல் விதிக்கப்பட்டதோ 13,200 கோடி தங்க மார்க்கு. அஃதாவது ஏறக்குறைய 660 கோடி பவுன். ஒரு நாடு அயலாருக்குப் பொருள் செலுத்த வேண்டுமாயின், தன் சரக்குகளை அயலாருக்கு விற்றே தீரவேண்டும். சரக்கை வாங்க மனமில்லாதார் பணத்தை மட்டும் பெறுவது எங்ஙனம்? இதுவே அவருடைய வாதத்தின் சாரமென நாம் கொள்ளலாம். 1932-ல் லாஸான் மகாநாட்டோடு நஷ்டஈடு ஏறக்குறைய முடிவுற்றது.

யுத்தத்தில் பாழ்பட்ட பிரான்சின் துயரை அவர் குறைவாக மதித்தார் என்பாரும் உளர். அதனை நாம் முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும் 1944-ல் பிரெட்டன் உட்ஸில், பாழான தேசங்களைச் சீர்ப்படுத்தவும் ஏழைத் தேசங்களை விருத்தி செய்யவும் உலக வங்கியை வகுத்த குழுவிற்கு அவரே தலைமை வகித்தார். 1946 ஏப்ரல் 21-ல் காலமானார்.

வென்றவர் தோற்றவரை வறியராக்கித் தாம் வாழ்தல் இயலாதென்பதை இப்பெரியாரின் சரிதையால் நாம் அறிகின்றோம்.