உமைத் சிங்

மகாராஜா சர் உமைத் சிங் (ஜூலை 8, 1903 - ஜூன் 9, 1947) இந்தியாவின் ஜோத்பூர் சமஸ்தானத்தை 1918 முதல் 1947 வரை ஆண்ட ராத்தோர் மரபு மன்னர் ஆவார். உமைத் பவன் அரண்மனையைக் கட்டியவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். அழியும் நிலையில் இருந்த மார்வாரிக் குதிரை இனத்தைக் காத்தவரும் இவரே.

இளமையும் ஆட்சியும்

உமைத் சிங், மகாராஜா சர்தார் சிங்கின் இரண்டாவது மகன். அண்ணன் சுமேர் சிங் 1918 அக்டோபரில் காலமானதால் பதினைந்து வயதில் அரியணை ஏறினார். உறவினரான சர் பிரதாப் சிங் 1922-இல் இறக்கும் வரை ஆட்சிக்காவலராக இருந்தார். 1923-இல் உமைத் சிங் முழு ஆட்சியதிகாரம் பெற்றார்.

ஜோத்பூர், இராஜபுதனத்துச் சமஸ்தானங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது. ஆனால் பெரும்பகுதி வறண்ட நிலம். 1920-களின் பஞ்சத்தில் வாடிய குடிகளுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1929-இல் அரண்மனைக் கட்டுமானம் தொடங்கப்பட்டது. ஹென்றி வாகன் லான்செஸ்டர் வடிவமைத்த, 347 அறைகள் கொண்ட இவ்வரண்மனை 1943-இல் நிறைவுற்றது. 1946-இல் தொடங்கப்பட்ட ஜவாய் அணை, இவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 1957-இல் முடிந்தது. விமானம் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்ட இவர் ஜோத்பூரில் விமான நிலையத்தையும் விமானப் பயிற்சிக் கழகத்தையும் உருவாக்கினார்.

மார்வாரிக் குதிரைகள்

மார்வார் என்பது ஜோத்பூர் நாட்டின் பழம்பெயர். ராத்தோர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் வளர்த்து வந்ததாகக் கூறப்படும் இக்குதிரை, உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும் காதுகளால் எளிதில் அடையாளம் காணப்படும். வெப்பத்தையும் தீவனக் குறைவையும் தாங்கி, மணல் நிலத்தில் நெடுந்தூரம் செல்லவல்லது. 1576-இல் நடந்த ஹால்திகாட்டிப் போரில் மகாராணா பிரதாப்பைச் சுமந்த சேத்தக் இவ்வினத்தைச் சேர்ந்தது என்பது மரபுவழிக் கதை.

சொந்தக் குதிரையினம் இருப்பது ஒரு நாட்டுக்கு எத்தகைய செல்வம் என்பதை மதுரையின் வரலாற்றிலிருந்து அறியலாம். பாண்டியர்கள் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் காயல் துறைமுகத்தின் வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். தட்பவெப்பமும் தீவனமும் ஒவ்வாமலும் பராமரிக்கத் தெரிந்தோர் இல்லாமலும் அவற்றுள் பல மடிந்ததை மார்க்கோ போலோ குறித்துள்ளார். குதிரை வாங்கப் பொன்னுடன் அனுப்பப்பட்ட மாணிக்கவாசகரின் கதையிலும் இவ்வணிகத்தின் சாயலைக் காணலாம். மார்வாருக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் கையிலிருந்த இனமே இருபதாம் நூற்றாண்டில் நழுவத் தொடங்கியது.

இதற்குக் காரணங்கள் சில. ஆங்கிலேயர் தரோபிரெட் குதிரைகளையும் போலோக் குதிரைகளையும் விரும்பினர். மார்வாரியின் வளைந்த காதுகளை இழிவாகக் கருதினர். குதிரைப்படைகளின் காலமும் முடிந்து கொண்டிருந்தது. முறையற்ற இனப்பெருக்கத்தால் 1930-களில் நல்ல பொலிகுதிரைகள் அரிதாயின. குதிரை பதினொரு மாதம் சினையாக இருந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். எனவே ஒருமுறை குலைந்த இனத்தைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் ஆகும். கலப்பினக் குட்டிகள் பெருகப் பெருக, தூய வழியில் வந்த ஆண்களும் பெண்களும் குறைந்து, மீட்பதற்கு மூல விலங்குகளே இல்லாமற் போகும்.

இந்நிலையில் உமைத் சிங் இவ்வினத்தின் இனப்பெருக்கத்தைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். இவ்வினம் முற்றும் அழியாமல் நின்றதற்கு இவரது தலையீடே காரணம் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. விமானங்களை நேசித்த ஒருவர், போர்ப்பயன் இழந்துவிட்ட குதிரையைக் காத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அரண்மனையைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இப்பணி எழுதப்படவில்லை.

மறைவும் பின்னரும்

உமைத் சிங் 1947 ஜூன் 9 அன்று, இந்திய விடுதலைக்கு இரு மாதங்களுக்கு முன், அபு மலையில் காலமானார். மூத்த மகன் ஹன்வந்த் சிங் ஆட்சிக்கு வந்து, சமஸ்தானத்தை இந்தியாவுடன் இணைத்தார். 1952 ஜனவரியில் விமான விபத்தில் உயிரிழந்தார்.

குதிரைகளுக்கும் அக்காலம் கொடியதாயிற்று. 1950-களில் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டு நிலங்களை இழந்த பிரபுக்களால் குதிரைகளைப் பேண இயலவில்லை. பல மார்வாரிகள் பொதி சுமக்க விற்கப்பட்டன, பல காயடிக்கப்பட்டன, பல கொல்லப்பட்டன. எஞ்சியவற்றைக் கொண்டு, உமைத் சிங்கின் பேரனும் 1948-இல் பிறந்தவருமான இரண்டாம் கஜ் சிங் பாட்டனாரின் பணியைத் தொடர்ந்தார். பல பத்தாண்டுகளாகத் தடைசெய்யப்பட்டிருந்த ஏற்றுமதி 2000 முதல் 2006 வரை சிறிய அளவில் அனுமதிக்கப்பட்டது. அதன்வழி மார்வாரிக் குதிரைகள் சில அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சென்றடைந்தன.