பிரேக் இல்லாமல் உருண்ட மேதை: சக்கரக் காலணி தந்த ஜோசப் மெர்லின் யார்?

சிங்கப்பூர் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது ஈஸ்ட் கோஸ்ட் பார்க். மாலை நேரத்தில் அங்கே போனால், கடலோரப் பாதையில் இன்லைன் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு சர்ரென்று போகிறவர்களைப் பார்க்கலாம். 1980-களில் அமெரிக்காவில் பிரபலமான விளையாட்டுதானே என்று தோன்றும். ஆனால் காலணிக்குச் சக்கரம் வைக்கும் யோசனை அதைவிட 200 ஆண்டுகள் மூத்தது. அதைச் செய்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் ஜான் ஜோசப் மெர்லின்.

யார் இந்த மெர்லின்?

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊயி நகரில் 1735-ல் பிறந்தவர். கடிகாரம், இசைக்கருவி, பொம்மை என எதைக் கொடுத்தாலும் பிரித்து மேயும் கை. 1760-ல் ஸ்பெயின் தூதரின் குழுவோடு லண்டன் வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

நகை வியாபாரி ஜேம்ஸ் காக்ஸிடம் வேலை பார்த்தபோது உருவானதுதான் புகழ்பெற்ற வெள்ளி அன்னம். சாவி கொடுத்தால் கழுத்தை வளைத்து மீனைக் கவ்வும். 1773-ல் மக்கள் பார்வைக்கு வந்த அந்த அன்னம் இப்போது இங்கிலாந்தின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்ணாடியில் மோதியது எப்படி?

பனிச்சறுக்குக் காலணியின் கத்திக்குப் பதிலாகச் சின்ன உலோகச் சக்கரங்களைப் பொருத்தினார் மெர்லின். சோஹோவில் நடந்த ஒரு மாறுவேட விருந்துக்கு அதை மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே உள்ளே உருண்டு வந்தாராம். வேகம் கூடியது. திரும்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. 500 பவுண்டுக்கும் மேல் விலையுள்ள கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி சுக்குநூறு, வயலின் உடைந்தது, மனுஷனுக்கும் பலத்த காயம். அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியான ஒரு நூலில்தான் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

அதோடு முடிந்துவிட்டதா?

இல்லை. நடக்க முடியாதவர்களுக்காக மெர்லின் செய்த நாற்காலியில், உட்கார்ந்திருப்பவரே கைப்பிடியைச் சுழற்றி வேண்டிய பக்கம் நகரலாம். காலணியில் கைகொடுக்காத கட்டுப்பாடு இதில் சரியாக அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டிலும் இந்த வகைச் சக்கர நாற்காலியை அவர் பெயரிலேயே அழைத்தார்கள்.

லண்டனில் அவர் நடத்திய இயந்திரக் காட்சியகத்துக்கு அம்மாவுடன் வந்த ஒரு சிறுவனை, மாடியில் இருந்த பட்டறைக்கு அழைத்துப்போய் வெள்ளிப் பதுமைகளைக் காட்டினார். பின்னாளில் கணினிக்கு அடித்தளம் போட்ட சார்லஸ் பாபேஜ்தான் அந்தச் சிறுவன். அவற்றில் ஒரு பதுமையை 1834-ல் ஏலத்தில் வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டார் பாபேஜ். மெர்லின் 1803-லேயே காலமாகிவிட்டார்.

அப்போ, காலணியை யார் சரிசெய்தது?

1863-ல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம். நடுவில் ரப்பர் மெத்தை. உடம்பைச் சாய்த்தால் காலணியும் அந்தப் பக்கம் திரும்பும். அக்விட்னெக் தீவில் உள்ள கடலோர நியூபோர்ட் நகரில், ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தையே 1866-ல் அவர் ஸ்கேட்டிங் தளமாக மாற்றினார்.

ஒரே வரிசைச் சக்கரங்கள் 1980-களில் திரும்பி வந்தபோது, குதிகாலில் ஒரு ரப்பர் பிரேக்கும் கூடவே வந்தது. முதல் தடவை ஸ்கேட்ஸ் மாட்டுகிறீர்களா? ஓடக் கற்பதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெர்லினுக்கு அந்த வசதி இருக்கவில்லை.