சம்பளக் காசோலையைத் தொடாத பிசிக்ஸ் வாத்தியார்

ஜகதீஷ் சந்திர போஸ்னு சொன்னதும் நமக்கு ஸ்கூல் அறிவியல் புத்தகம்தான் ஞாபகம் வரும். செடிக்கும் உணர்ச்சி உண்டு, கிரெஸ்கோகிராஃப், தொட்டாச்சிணுங்கி. ஈ.சி.இ. மக்களுக்கு மைக்ரோவேவ் பேப்பரில் ஒரு ஓரமாக வந்து போவார். இங்கே சொல்லப் போவது அந்த ரெண்டு போஸும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் மூணு வருஷம் ஒரு பைசா சம்பளம் வாங்காத 26 வயசு போஸ்.

1858 நவம்பர் 30-ல் இன்றைய வங்காளதேசத்தில் இருக்கிற மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் ஸ்கூலில் போடுவதுதான் அப்போ கெத்து. இவரோ மகனை வங்காளப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவின் ஆபீஸ் பியூன் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அதன் பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி, லண்டனில் மருத்துவப் படிப்பு, உடம்பு முடியாமல் அதை விட்டுட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல். ராலே பிரபுவே அங்கே இவருக்கு வாத்தியார். (ஆமா, ராலே ஸ்கேட்டரிங் ராலேதான்.)

ஊர் திரும்பும்போது கையில் வைஸ்ராய் ரிப்பனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தது. நம்ம சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் கொடுத்த அதே ரிப்பன். வைஸ்ராயே சொல்லியும் வங்காளக் கல்வித்துறை இயக்குநர் ஆல்ஃபிரட் க்ராஃப்ட் இழுத்தடித்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி முதல்வர் டானிக்கும் இஷ்டமில்லை. இந்தியர்களுக்கு இலக்கியம், தத்துவம் எல்லாம் வரும், துல்லியமான அறிவியல் வராது என்ற எண்ணம் அப்போ அதிகாரிகள் மத்தியில் சர்வ சாதாரணம். கடைசியில் 1885-ல் வேலை கொடுத்தார்கள், இயற்பியல் பேராசிரியர், ஆனால் தற்காலிகம்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்கணும். ஒரே பதவியில் ஐரோப்பியருக்கு மூணு ரூபாய்னா இந்தியருக்கு ரெண்டு ரூபாய், அது விதி. தற்காலிகம் என்பதால் அந்த ரெண்டிலும் பாதி, அதுவும் விதி. ஆக, பக்கத்து வகுப்பில் அதே பாடம் எடுக்கிற வெள்ளைக்காரர் வாங்குவதில் மூணில் ஒரு பங்கு. யாரும் முகத்துக்கு நேரா திட்டல, கதவைச் சாத்தல. எல்லாம் முறைப்படி, ஃபைல்படி. தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டாவது விதி நியாயமாகக்கூடத் தோணும், தற்காலிக ஆளுக்குக் குறைச்சல்தானே கொடுப்பாங்கன்னு. ரெண்டையும் சேர்த்து வச்சு, கூட வேலை பார்க்கிறவரோடு ஒப்பிட்டால்தான் விஷயம் வெளியே வரும். போஸ் ஒப்பிட்டுப் பார்த்தார்.

வேலையை விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், பார்த்தீங்களா இவங்களால முடியாதுன்னு அந்த அதிகாரிகளே சொல்லியிருப்பார்கள். வாங்கிக்கொண்டு முணுமுணுத்திருக்கலாம், பெரும்பாலானோர் அதைத்தான் செய்தார்கள். இவர் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு, ஒவ்வொரு மாசமும் வந்த காசோலையைத் தொடாமல் விட்டார். பாடம் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அதைத் தொட்டால் அந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பாடத்தை விட்டால் எதிராளி கையில் நாமே கம்பைக் கொடுத்ததாகிவிடும்.

கேட்க ஹீரோயிசமாக இருக்கும். ஆனால் வீட்டு நிலவரம் வேற. அப்பா தொழில் முயற்சிகளில் பணம் போட்டு இழந்து பெரிய கடனாளி. பூர்வீகச் சொத்தை விற்றும் கடன் தீரவில்லை. இதற்கு நடுவில், 1887-ல், கல்யாணம். மணப்பெண் அபலா தாஸ். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்றதால் நம்ம சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர், உடல்நிலையால் முடிக்க முடியாமல் திரும்பியவர். கதவு சாத்தப்படுவது என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்கத்தாவில் வாடகை கட்டுப்படியாகாமல், ஆற்றுக்கு அந்தப்பக்கம் பிரெஞ்சு சந்தன்நகரில் குடியிருந்தார்கள். தினமும் ஹூக்ளியைச் சின்னப் படகில் கடந்து வந்து போஸ் ரயில் பிடிப்பார். திரும்ப அந்தப் படகைத் துடுப்புப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது அபலா. போஸ் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த மூணு வருஷப் போராட்டத்தில் பாதி அந்தத் துடுப்பில்தான் இருந்தது.

மூணு வருஷம் முடிந்தபோது க்ராஃப்ட், டானி ரெண்டு பேருமே மனசு மாறியிருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆனது, அதுவும் சேர்ந்த தேதியிலிருந்தே. முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

அதன் பிறகும் கல்லூரி இவருக்கு லேப் கட்டிக் கொடுத்துவிடவில்லை. 24 சதுர அடி அறை, சொந்தக் காசு, தானே பழக்கிய ஒரு தகரக் கொல்லர், வாரத்துக்கு 26 மணி நேரம் வகுப்பு. இதோடுதான் 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியே இல்லாமல் தூரத்தில் மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். அடுத்த வருஷம் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி., 1915-ல் ஓய்வு, 1917-ல் போஸ் ஆராய்ச்சி நிலையம், 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் மரணம். இதெல்லாம் நெட்டில் தட்டினாலே வரும்.

வெற்றிக் கதையாக முடிக்கும்போது பலரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கு. போஸுக்கு அரியர்ஸ் வந்த அதே சமயத்தில், எடின்பரோவில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிரஃபுல்ல சந்திர ராய் ஊர் திரும்பினார். வேலை தேடி அலைந்தபோது தங்கியது போஸ்-அபலா வீட்டில்தான். 1889-ல் அதே பிரசிடென்சி கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. மாகாணப் பிரிவு, தற்காலிகம், மாசம் 250 ரூபாய். போஸுக்குச் சம்பளம் மாறியிருந்தது, விதி அப்படியே இருந்தது.