கனவில் பறந்த ஊர்தி

வானில் பறக்கும் ஊர்தி, வெயிலில் சமைக்கும் அடுப்பு, மேகத்திலிருந்து நீரை இறக்கும் குழாய் ஆகியவற்றை 1905ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி கதையில் எழுதிவிட்டார். பள்ளியில் பயிலும் வாய்ப்பே கிடைக்காத அவர் பெயர் பேகம் ரொக்கேயா.

ரொக்கேயா 1880ஆம் ஆண்டு, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள பைராபந்து என்னும் ஊரில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்துப் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் வாழ்ந்தனர். ஐந்து வயதிலேயே அவ்வழக்கம் ரொக்கேயாவையும் கட்டியது. வீட்டிற்கு வெளியூர்ப் பெண்கள் வந்தால்கூட அச்சிறுமி கட்டிலுக்கு அடியிலோ கதவின் பின்னாலோ ஒளிந்துகொள்ள வேண்டும். பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பதைத் தந்தையார் விரும்பவில்லை. எனவே, வீடு உறங்கிய பின், அண்ணன் இப்ராகிம் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கை கரிமுன்னிசா வங்காள எழுத்தைக் கற்றுத் தந்தார்.

இளம் வயதில் அவர் பாகல்பூரில் அரசு அலுவலராக இருந்த சகாவத் உசைனை மணந்தார். கணவர் அவரை எழுதத் தூண்டினார். ஒருமுறை கணவர் வெளியூர் சென்றிருந்தபோது, பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார் ரொக்கேயா. திரும்பி வந்த கணவர் நின்றபடியே அதனைப் படித்து முடித்தாராம். அதுவே ‘சுல்தானாவின் கனவு’.

சுல்தானா என்பவள் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்து, பெண்கள் ஆளும் நாட்டிற்குச் செல்கிறாள். அங்கே தெருவெல்லாம் தோட்டம். சமையலறையில் புகை இல்லை. ஆடவர் வீட்டிற்குள் அடைந்து சமைக்கின்றனர்! பகைவர் படையெடுத்து, ஆடவர் படை தோற்றபோது, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் களம் சென்று, சேர்த்துவைத்த சூரிய வெப்பத்தைப் பகைவர்மீது பாய்ச்சுகிறார். அவர்கள் ஓடுகின்றனர். ஆடவரை அடைத்துவைப்பது மட்டும் நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறதா? அக்கேள்வியை நம்முள் எழுப்புவதே கதையின் திறம். மாலைப் பொழுதொன்றில் படித்து முடித்துவிடக்கூடிய சிறிய கதைதான், தவறாமல் படியுங்கள்.

ரைட் சகோதரர் விமானம் பறக்கவிட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவியல் புனைகதைக்குப் புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் மறைந்ததும் அதே 1905இல்தான். வங்காளப் பெண் எழுதிய இக்கதை முதலில் அச்சேறிய இடம் எது தெரியுமா? நம் சென்னை! கமலா சத்தியநாதன் அங்கு நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழ் அதனை வெளியிட்டது. நீங்கள் வாழும் ஐதராபாத்தில் பிறந்த சரோஜினி நாயுடுவும் அவ்விதழில் எழுதியவரே.

1909இல் கணவர் இறந்தார். அவர் ஒதுக்கிவைத்த பணத்தைக் கொண்டு, ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார் ரொக்கேயா. குடும்பப் பூசலால் அங்கு இருக்க இயலவில்லை. கல்கத்தா சென்று, 1911இல் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார்.

வீடு வீடாகச் சென்று, பெண்களை அனுப்புமாறு பெற்றோரை வேண்டினார். முகம் தெரியாமல் அழைத்துவருவதாகச் சொன்னால்தான் பலர் இசைந்தனர். ஆகவே, பள்ளி வண்டியை நாற்புறமும் மூடினார். காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர், சிலர் வாந்தி எடுத்தனர், பெற்றோர் சினந்தனர். பின்னர் வண்டியைச் சற்றுத் திறந்து திரை கட்டினார். காற்றில் திரை விலகுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. கனவில் வானூர்தி ஓட்டியவருக்கு, நனவில் ஒரு வண்டியின் சன்னலைத் திறப்பதே பெரும்பாடாயிற்று. எனினும் பள்ளியை அவர் மூடவில்லை. திரைமறைவு வாழ்வின் துயரங்களைத் தொகுத்துத் தனி நூலாகவும் எழுதினார்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது, பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்றை அவர் எழுதி முடித்திருக்கவில்லை. கணவர் பெயரால் அவர் நிறுவிய பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது.

பயிற்சி

1. பள்ளி வண்டியால் ரொக்கேயாவுக்கு நேர்ந்த இடர்கள் யாவை?
2. நீங்கள் படித்த அறிவியல் புனைகதை ஒன்றை நண்பருக்குப் பரிந்துரைத்து ஐந்து தொடர்கள் எழுதுக.